ஆனைப்பள்ளத்தில் முதல் வண்டி

கேளமங்கலம் தாண்டியதும் மூடுபனி வந்து ஜீப்பை விழுங்கிக்கொண்டது. முன்விளக்குகளின் மஞ்சள் வெளிச்சம் பத்தடி போய்க் கரைந்தது. சாலையோரத்துப் புளியமரங்கள் இடுப்புவரை மட்டும் இருந்தன. அதற்கு மேலே ஒன்றுமில்லை, பால் போன்ற வெண்மை.

இப்படியொரு காலையில் எல்லோருமே அப்பாவைப் போலத்தான் பார்க்கிறார்கள் என்று சரோஜாவுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

இரவெல்லாம் அவள் ஏன் கண்மூடவில்லை என்று இந்தக் கதையைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கும் சொல்லிவிடலாம். திம்மராயனின் கண்களில் திரை விழத் தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ராயக்கோட்டையில் அதை அறிந்த ஒரே ஆள் அவருடைய இளைய மகள் சரோஜம்மாள். தாய் வெள்ளையம்மாவுக்குத் தெரியாது. வீட்டுக்குள் ஒவ்வொரு படியும் தூணும் அவருக்குக் கால்பழக்கம். அங்கே அவர் தடுமாறியதே இல்லை. ஓசூரில் வாழ்க்கைப்பட்ட அக்காள் மாதம்மாளுக்கும் தெரியாது. அக்காள் புருஷன் சென்னகிருஷ்ணனுக்கோ தெரியவே கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அவன் கெட்டவனில்லை. எதைக் கண்டாலும் தன் கையில் எடுத்துக்கொண்டு நடத்திவிடத் துடிப்பவன், அவ்வளவுதான்.

தெரிந்தால் முதலில் ஜீப் போய்விடும். பிறகு சங்கம் போய்விடும்.

யுத்தம் முடிந்தபின் பெங்களூரில் பட்டாளத்தார் ஏலம் விட்ட ஜீப் அது. அமெரிக்காக்காரன் செய்தது என்பதால் ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தது. அதேபோல் ஜீப் வாங்கிய ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குள் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். முதலில் வெறும் விளையாட்டுத்தான். ஒருநாள் சிக்கபெட்டம் மலையூரிலிருந்து நோயில் விழுந்த ஒரு பெண்ணைப் போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு நாலு பேர் சேற்றில் இறங்கி வருவதைப் பார்த்தார்கள். அந்த வாரமே பாதை வெட்ட ஜீப்புகளில் கடப்பாரையும் அரிவாளும் ஏறின. ரேஞ்சரிடம் அனுமதி வாங்கினார்கள். மலைப்பாதைச் சங்கம் அப்படித்தான் பிறந்தது. திம்மராயன் அதன் தலைவர்.

இன்றைக்கு ஆனைப்பள்ளத்து ஓடையில் கல் பாவி முடிக்கிறார்கள். அது முடிந்தால் சிக்கபெட்டத்துக்கு முதல்முறையாக வண்டி போகும். முதல் வண்டி தலைவருடையது.

வழக்கமாக சரோஜா வலது பக்க இருக்கையில் உட்கார்ந்து, “கொஞ்சம் இடது… பள்ளம்… மெதுவா” என்று சொல்லிக்கொண்டே வருவாள். அவர் ஓட்டுவார். இருவருக்கும் அது கைவந்துவிட்டது. ஆனால் இன்றைக்குப் பின்னிருக்கையில் ஒருவன் இருந்தான்.

“தீர்த்தகிரி உங்க வண்டியில வரட்டும் மாமா. காட்டைப் பாக்கணும்னு ஆசைப்படறாரு” என்று விடியற்காலையில் சென்னகிருஷ்ணன்தான் ஏற்றிவிட்டான். சாமல்பட்டிக்காரன். கிருஷ்ணகிரி அணைக்கட்டு வேலையில் ஓவர்சியர். அவன் பார்க்க வந்தது காட்டை மட்டுமல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். புதன்கிழமை அவன் வீட்டார் சரோஜாவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் தார் முடிந்து மண் தொடங்கியது. ஜீப் ஒரு கல்லில் ஏறிக் குதித்தது. பின்னால் இருந்தவனின் தலை கூண்டுக் கம்பியில் மோதியது.

“அடிபட்டுச்சுங்களா?” என்றார் திம்மராயன் திரும்பாமலே.

“இல்லைங்க, பரவாயில்லைங்க.”

அப்பாவின் நெற்றியில் வியர்வை பூத்திருப்பதை சரோஜா பார்த்தாள். அந்தக் குளிரில்! முன்னே வலது ஓரத்தில் ஒரு பாறை மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொல்லாமலும் இருக்க முடியாது.

“அப்பா, வலது பக்கம் பாருங்களேன். வேங்கை மரம். என்னா ஒசரம்!”

திம்மராயனின் புருவம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு ஸ்டீயரிங் மெல்ல இடதுபுறம் திரும்பியது. பாறை சக்கரத்தை உரசாமல் பின்னால் போயிற்று.

“ஆமாம்மா. நல்ல மரம்” என்றார்.

அதற்குப் பிறகு அது ஒரு தனிப் பேச்சாகவே ஆகிவிட்டது. பள்ளம் இருக்கும் பக்கத்தில் மருதமரம் வளர்ந்தது. சரிவு வந்தால் மூங்கில் புதர் முளைத்தது. “அதோ மயிலு!” என்றால் பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று அவரே புரிந்துகொண்டார். குறுக்கே விழுந்து கிடந்த கிளையின் முன்னால் ஜீப் நின்றது. தீர்த்தகிரி எட்டி எட்டிப் பார்த்தான்.

“மயிலு எங்கங்க?”

“பறந்துடுச்சுங்க” என்றாள் சரோஜா. இறங்கிக் கிளையை இழுத்து ஓரமாகப் போட்டாள்.

பனி மரங்களுக்கிடையில் நூல் நூலாகப் பிரிந்தது. பாதையெல்லாம் நெல்லிக்காய் உதிர்ந்து கிடந்தது. ஈர மண்ணும் உண்ணிப்பூவும் கலந்த வாசனை. சொல்லச் சொல்ல அவளுக்கே எது உண்மையில் நிற்கும் மரம், எது தான் நட்ட மரம் என்று தெரியாமல் போயிற்று. அப்பாவின் முகத்தில் மெல்லிய சிரிப்பு ஒன்று தங்கியிருந்தது. அவள் சொன்ன காட்டுக்குள் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காடு நிஜக் காட்டைவிட அடர்த்தியாக இருந்திருக்க வேண்டும். இந்தப் பாதை முடியாமலே போனால் என்ன என்று அவள் ஆசைப்பட்டாள்.

ஆனைப்பள்ளம் வந்துவிட்டது.

மற்ற ஜீப்புகள் முன்பே வந்து மூங்கில் நிழலில் நின்றிருந்தன. மேலே மலையில் இரவு மழை. நேற்றுவரை கணுக்காலளவு ஓடிய தண்ணீர் இன்று பழுப்பாகப் புரண்டுகொண்டிருந்தது. போன வாரங்களில் பாவிய கற்களுக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர்.

சங்கத்தாரும் மலையூர் ஆட்களும் சேர்ந்து நடு ஓடையில் விட்டுப்போன இடத்தில் கல்லை உருட்டிக்கொண்டிருந்தார்கள். கேளமங்கலத்துப் பட்டுக்கூடு வியாபாரி கங்கப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “நிதானா! நிதானா அப்பா! கால் மேலே போட்டுக்காதீங்க!” என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தினார்.

வெள்ளையம்மா மருமகனின் ஜீப்பில் முன்னாலேயே வந்து, தண்ணீர் ஏறும் முன் ஓடையை நடந்து கடந்து எதிர்க்கரையில் அடுப்பு மூட்டியிருந்தாள். களி கிண்டும் புகை பனியோடு கலந்து நின்றது. மகள் ஜீப்பில் சுற்றுவது அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் சங்கத்தாருக்குச் சோறு போடுவதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

சரோஜா இக்கரையில் உண்ணிச்செடி வெட்டினாள். பாதையோர வாய்க்காலில் அடைத்திருந்த சேற்றை வாரினாள். வெயில் மரங்களுக்கு மேலே ஏறியபோது கடைசிக் கல்லும் உட்கார்ந்தது.

தீர்த்தகிரி தண்ணீரில் இறங்கிக் காலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தான். “கல்லு நல்லா நிக்குதுங்க. ஆனா ஓரம் தெரியலை. கம்பு நட்டா தண்ணி இழுத்துக்கும். கயிறு புடிச்சிக்கிட்டு ரெண்டு பக்கமும் ஆளுங்க நிக்கட்டும். அவங்களுக்கு நடுவுல வண்டி போவட்டும்.”

எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. ஆட்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கி வரிசை கட்டினார்கள்.

சரோஜா அரிவாளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் காலடி கேட்டது.

“ஒண்ணு கேக்கலாமுங்களா?” என்றான் தீர்த்தகிரி. குரலைத் தாழ்த்தியிருந்தான். “வர்ற வழியில இடது பக்கம் மருதமரம்னு காட்டுனீங்க. எனக்கு மரம்னா உசுரு. திரும்பித் திரும்பிப் பாத்தேன். அங்க மரமே இல்லைங்க. மண்ணு சரிஞ்ச பள்ளந்தான் இருந்துச்சு.”

அவள் நிமிரவில்லை. அரிவாளின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது.

“அப்புறம் ஒவ்வொண்ணா கவனிச்சேன். உங்கப்பாவுக்கு…”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்லைங்க. சொல்லவும் எனக்கு மனசில்லை. ஆனா கயித்தைப் புடிச்சிக்கிட்டு அத்தினி பேரைத் தண்ணியில நிக்க வெச்சது நான். அவங்க நடுவுல அவர் ஓட்டறத என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாதுங்க.”

அவன் குரலில் மிரட்டல் இல்லை. அதுதான் அவளை அதிகம் பயப்படுத்தியது.

“நான் பேசறேன்” என்றாள்.

திம்மராயன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார். புதுத் துண்டைத் தோளில் போட்டிருந்தார். பின்னால் சிக்கபெட்டத்துக்கான உப்பு மூட்டையும் மண்ணெண்ணெய்த் தகரமும் மருந்துப் பெட்டியும் ஏற்றியாகிவிட்டது. கங்கப்பன் ஒரு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தார். இஞ்சின் உறுமியது.

சரோஜா பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

“அப்பா, இறங்கிடுங்க.”

“என்னாத்துக்கு?”

“தண்ணி எரைச்சல்ல நான் சொல்றது உங்களுக்குக் கேக்காது.”

“கத்திச் சொல்லு.”

“அத்தினி பேரு முன்னாடி கத்திச் சொல்லட்டுமா?”

அவருடைய விரல்கள் ஸ்டீயரிங்கை இறுக்கிக்கொண்டன. “இந்தப் பாதைக்கு மொத வெட்டு வெட்டுனவன் நான். இன்னிக்கி நான் எறங்கிட்டா ஏன்னு கேப்பாங்க. உங்க அக்கா புருசன் கேப்பான். ஊரு கேக்கும். அப்புறம் என்னை எங்க உக்கார வெப்பீங்க? மூலையிலதானே?”

சரோஜா அவருக்காக ஒரு வருஷமாகச் சொல்லிவந்த பொய்கள் எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. இன்னும் ஒன்று சொன்னால் போதும், வண்டி நகர்ந்துவிடும்.

“எதிர்க்கரையில என்னா தெரியுது, சொல்லு” என்றார் அவர். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. “எங்க ஏத்தணும்னு மட்டும் சொல்லு. மீதிய நான் பாத்துக்கறேன். நேரா ஒரு புத்து தெரியுதே, அதுக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா?”

“புத்தா?”

“செவப்பா, ஆள் ஒசரத்துக்கு. வண்டி ஏறுற எடத்துலயே இருக்குதே.”

சரோஜா பார்த்தாள். கற்பாதை கரையேறும் இடத்தில், சிவப்புக் கண்டாங்கிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் வண்டிக்கு ஆலாத்தி எடுக்கத் தட்டோடு நின்றிருந்தாள் வெள்ளையம்மா. தட்டில் கற்பூரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

“அது புத்து இல்லப்பா,” என்றாள். “அம்மா.”

இஞ்சின் உறுமிக்கொண்டேயிருந்தது. ஓடை சத்தம் போட்டது. திம்மராயன் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிவப்பு அசையவில்லை. அவருடைய கண்கள் கலங்கிச் சிவந்தன. பின்பு அவர் சுவிட்சைத் திருப்பினார். இஞ்சின் அடங்கியது.

அவர் வலது பக்கம் நகர்ந்தார். சரோஜா இறங்கிச் சுற்றிவந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். அவளுடைய கால்கள் பிரேக்கைத் தேடிக் கண்டுபிடித்தன. தோட்டத்துக் களத்திலும் ராயக்கோட்டை ஏரிக்கரையிலும் எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறாள். தண்ணீரில் ஓட்டியதில்லை. மனிதர்களுக்கு நடுவிலும் ஓட்டியதில்லை.

கரையில் முணுமுணுப்பு எழுந்தது. சென்னகிருஷ்ணன் வேகமாக வந்தான். “என்ன மாமா இது? பொம்பளப் புள்ளைகிட்ட வண்டியக் குடுத்துட்டு! உங்களால முடியலைன்னா நான் ஓட்டறேன். நீ இறங்கு சரோஜா.”

“மாப்ளே,” என்றார் திம்மராயன். “மொத வண்டி என்னுது. யாரு ஓட்டணும்னு நான் சொல்லிட்டேன். நீங்க போயி கயித்தைப் புடிங்க.”

சென்னகிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டினான். போய்க் கயிற்றைப் பிடித்தான்.

சரோஜா இஞ்சினைக் கிளப்பி, முன்சக்கரத்துக்கும் விசை போகும் நெம்புகோலைத் தள்ளினாள். முதல் கியர். ஜீப் தண்ணீருக்குள் மூக்கை நுழைத்தது.

இரண்டு பக்கமும் மனிதர்கள். நனைந்த வேட்டிகள், இறுகிய முகங்கள், கயிற்றைப் பற்றிய கைகள். தண்ணீர் சக்கரத்தைத் தடவிக்கொண்டு போயிற்று. வெயில் தண்ணீரில் விழுந்து சிதறியதில் தான் ஓடைக்கு மேலே மிதப்பதுபோல் அவளுக்கு இருந்தது. கரை நகர்ந்து வந்ததா, வண்டி நகர்ந்து போனதா தெரியவில்லை. நடு ஓடையில் கங்கப்பன் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை.

திடீரென்று பின்னால் ஒரு கல் புரண்டது. ஜீப்பின் பின்பாகம் இடதுபுறம் வழுக்கியது. கயிறு வளைந்தது. அந்தப் பக்கம் நின்றிருந்த தீர்த்தகிரி இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு அடி பின்வாங்கினான். கயிற்றை விடவில்லை.

அவள் கால் தானாக மேலே எழும்பப் பார்த்தது.

“காலை எடுக்காதே” என்றார் அப்பா. கண்களை மூடியிருந்தார். தலையைச் சாய்த்து இஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார். “சக்கரம் வெறுமனே சுத்துது. கொஞ்சம் பொறு. அப்படியே புடி. ம்… இப்பக் கல்லைக் கவ்வுது பாரு. இப்பக் குடு.”

அவள் கொடுத்தாள். ஜீப் நடுங்கியது, நிமிர்ந்தது, ஏறியது. தண்ணீர் நாலு பக்கமும் கொட்ட, சேற்றை அரைத்துக்கொண்டு கரைமேல் வந்து நின்றது.

சிக்கபெட்டத்தார் தம்பட்டத்தை அடித்தார்கள். பெண்கள் ஓடிவந்து ஜீப்பின் மூக்கில் மஞ்சள் பூசினார்கள். கரையில் இருந்தவர்கள் துண்டைச் சுழற்றினார்கள். சரோஜாவுக்குக் கைகள் ஸ்டீயரிங்கை விட்டு வர மறுத்தன.

வெள்ளையம்மா ஆலாத்தி சுற்றினாள். அவள் முகம் கறுத்திருந்தது. “ஊரு முன்னாடி இதென்னாடி கூத்து? புதன்கெழம வர்றவங்க என்னா நெனைப்பாங்க?” என்று மகளிடம் பல்லைக் கடித்தபடி சொன்னாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, மோர்ச் செம்பைப் புருஷனிடம் நீட்டினாள். “நீங்களாவது சொல்லக்கூடாதா? இந்தாங்க.”

திம்மராயன் கையை நீட்டினார். செம்பு இருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி அந்தக் கை காற்றைத் தடவியது.

வெள்ளையம்மா செம்பை நகர்த்தவில்லை. கை மறுபடி தடவியது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவருடைய கையைப் பிடித்துச் செம்பின்மேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

“எப்பத்திலிருந்து?” என்று மகளைக் கேட்டாள்.

“போன வருசத் தீவாளியிலிருந்தும்மா.”

அழுவாள் என்று சரோஜா எதிர்பார்த்தாள். வெள்ளையம்மா அழவில்லை. ஜீப்பின் விளிம்பில் கையூன்றி, புருஷனின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனாள். “என் மொகம் தெரியுதா?”

“பொட்டு தெரியுது,” என்றார் அவர். “மீதிய நானே மனசுல போட்டுக்கறேன்.”

தண்ணீர் சொட்டச் சொட்டச் சென்னகிருஷ்ணனும் தீர்த்தகிரியும் கரையேறி வந்தார்கள். சென்னகிருஷ்ணன் மாமியாரின் முகத்தையும், செம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்த மாமனாரையும் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. கோபம் வரும் என்று சரோஜா பயந்தாள். அவனோ சின்னப்பிள்ளை போலத் தலையைக் குனிந்துகொண்டான். “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மாமா” என்றான்.

“மாப்ளே,” என்றாள் வெள்ளையம்மா. “புதன்கெழம பொண்ணு பாக்கறது இல்ல. பெங்களூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம். சரோஜா ஓட்டட்டும்.” தீர்த்தகிரியிடம் திரும்பினாள். “கோவிச்சுக்காதீங்க தம்பி. உங்க வீட்டுல சொல்லிடுங்க.”

தீர்த்தகிரி சட்டை நுனியைப் பிழிந்தான். “சொல்லிடறேன்மா” என்றான். கொஞ்சம் தயங்கி, “அந்த வண்டியில இன்னொரு ஆளுக்கு எடம் இருக்குமுங்களா?” என்று கேட்டான். கேட்டது வெள்ளையம்மாவிடம். பார்த்தது சரோஜாவை.

அவள் பதில் சொல்வதற்குள் திம்மராயன் செம்பைக் கீழே வைத்தார்.

“யாரும் எங்கயும் போவப்போறதில்ல. எங்கண்ணன் இப்படித்தான் கண்ணாஸ்பத்திரிக்குப் போனான். மங்கலா இருந்த கண்ணோட போயி, இருட்டோட வந்தான். சாவுற வரைக்கும் அவன் கையைப் புடிச்சி நடத்துனவன் நான்.” ஜீப்பிலிருந்து இறங்கி நின்றார். “வண்டிய நீ ஓட்டு சரோஜா, நான் வேண்டாங்கல. என் கண்ணை யாரும் ஓட்ட வேண்டாம்.”

சொல்லிவிட்டு நடந்தார். சிக்கபெட்டத்துக்குப் போகும் பாதையில், மூங்கில்களுக்கிடையில் இன்னும் கலையாமல் தேங்கியிருந்த பனிக்குள், துண்டு தோளில் சரிய, நேராக நடந்து போனார். தம்பட்டம் தானாக ஓய்ந்தது.

சரோஜா குதித்து இறங்கினாள். வெள்ளையம்மா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“நீ இரு. ஒரு வருசம் நீ பாத்தாச்சு.”

காட்டுக்குள் தனியாக ஒரு அடிகூட வைக்காத வெள்ளையம்மா, சேலையை இன்னும் உயர்த்திச் செருகிக்கொண்டு அவர் பின்னால் போனாள். சிவப்பு முதலில் மங்கியது, பிறகு ரோஜா நிறமாயிற்று, பிறகு பனியே ஆகிவிட்டது. உள்ளிருந்து அவளுடைய குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. பிறகு அவருடைய குரல், உரக்க. பிறகு இரண்டுமே இல்லை.

எல்லோரும் பனியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரோஜா திரும்பிவந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். இஞ்சினைக் கிளப்பினாள். மலையைப் பார்த்து நின்ற ஜீப்பைப் பின்னுக்கும் முன்னுக்குமாக ஒடித்து, அது பெங்களூர் போகும் திசையைப் பார்க்கும்படி ஓடைக்கு நேராகத் திருப்பி நிறுத்தினாள். இஞ்சினை அணைக்கவில்லை.

“எடம் இருக்குதுங்க” என்றாள், தீர்த்தகிரியைப் பார்க்காமல். “அப்பா வரட்டும்.”